ஒரு லிட்டர் தூரம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மோட்டார் பத்திரிகையின் ஆசிரியர் கூப்பிட்டு, தினமும் வேலைக்குப் போகிறவர்கள் ஓட்டும் நடுத்தர பைக்குகளில் இரண்டை எடுத்து, மைலேஜையும் இழுவையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை கேட்டார். "அட்டவணை ஒண்ணு போட்டுடுங்க. கடைசியில எது வாங்கலாம்னு ஒரே ஒரு வரி. நம்ம ஆளுங்க அந்த வரியைத்தான் முதல்ல படிப்பாங்க" என்றார். அட்டவணையைப் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரி மட்டும் இன்றுவரை வரவில்லை. காரணம், சோதனை நடந்தது என் அக்கா வீட்டில். அங்கே பார்த்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒரு விதி. அந்தச் சோதனையில் டேங்கைக் காலி செய்துவிட்டு ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றினோம். இந்தக் கதைக்கும் அவ்வளவுதான் ஊற்றியிருக்கிறேன். தீர்ந்த இடத்தில் நின்றுவிடும். அப்புறம் முடிவு எங்கே என்று என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

2

தொடக்க வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"மேட்டுச் சாலையின் மேல் காலை வெயில் பொன்னை அள்ளி…" (வேண்டாம். அன்றைக்கு ஒரே மேகமூட்டம்.)

"நூற்று இருபத்தைந்து சிசி பிரிவைப் பொறுத்தவரை எரிபொருள் சிக்கனம் என்பது…" (இது பத்திரிகைக்கே போகட்டும்.)

"மாமா ஒரு கஞ்சர்."

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. உதைத்த உடனே கிளம்புகிற வரி. மாமா என்றால் அக்காவின் கணவர். மின்சார அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடியிருப்பதைக் குறித்துக்கொண்டு வருவார். தன்னுடைய பழைய நூறு சிசி வண்டி லிட்டருக்கு எண்பது கொடுக்கிறது என்று அவர் சொல்லிக் கேட்காத உறவுக்காரர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. துக்க வீட்டில்கூட, கொஞ்சம் தணிந்த குரலில், சொல்லியிருக்கிறார். இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிடுவார். வண்டி தானாக உருண்டு, வேகம் செத்து, ஹேண்டில்பார் ஆடி, காலை ஊன்றியே தீர வேண்டும் என்ற நிலை வரும்வரை மறுபடி போடமாட்டார். பின்னால் உட்கார்ந்திருந்தால் நாமே இறங்கித் தள்ளிவிடலாமா என்று தோன்றும்.

அந்த மூன்றாவது வரியை வைத்து நாலு பக்கம் ஓட்டினேன். ஐந்தாம் பக்கத்தில் மாமா என் பேச்சைக் கேட்கவில்லை. அது எந்த இடம் என்று காட்டுகிறேன்.

3

சண்டையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். பை நிறைய ரப்பர் பட்டைகளும் சின்னச் சின்ன மணல் மூட்டைகளும் வைத்துக்கொண்டு, பக்கவாதம் வந்து படுத்தவர்களின் வீடுகளுக்குப் போவாள். மரக்கட்டையாகக் கிடக்கும் காலைத் தூக்க வைப்பதுதான் அவள் தொழில். "விட்றாதீங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பாள். அந்த இன்னும் ஒண்ணுக்குப் பிறகு இன்னும் பத்து இருக்கும்.

மேட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இயன்முறைப் பிரிவையே அவள் பொறுப்பில் விடுவதாகக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டும். போவதற்கு மட்டும் ஐம்பது கிலோமீட்டர். நடுவே லாரிகள் முக்கி முனகி ஏறும் மேட்டுச் சாலை. அவள் வேலை முடியும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஆக, பைக் வாங்கினால்தான் வேலை.

மாமா நூற்று இருபத்தைந்து சிசி என்றார். அக்கா நூற்று அறுபது என்றாள்.

"அந்தப் பெரிய வண்டி பெட்ரோலைத் தண்ணியா குடிக்கும்."

"மேட்டுல ஏற வேணாமா?"

"சின்னது ஏறாதா என்ன? மெதுவா ஏறும்."

"நான் மெதுவா ஏறினா பின்னாடி வர்ற லாரிக்காரர் நின்னு கைதட்டுவாரா?"

பேச்சு தடித்தது. மாமா எழுந்து நின்றுகொண்டார்.

"ஒண்ணு பண்ணு. உன் பெரிய வண்டில ஒரே ஒரு லிட்டர் ஊத்திக்கிட்டு ஆஸ்பத்திரி கேட்டைத் தொட்டுக் காட்டு. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். தொடலேன்னா இந்த வேலைப் பேச்சையே நீ விட்டுடணும்."

"சரி" என்றாள் அக்கா.

[இந்த இடத்தில் கதையை நிறுத்தி அக்காவை உலுக்கலாம் என்று பார்த்தேன். அந்த ரக வண்டி நாற்பத்தைந்தைத் தாண்டுவதே பெரிய பாடு. போக வேண்டியது ஐம்பது. அட்டவணை என் பையிலேயே இருந்தது. வாயெடுத்தேன். அக்கா ஒரு முறை முறைத்தாள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பார்வைக்கு மேல் நான் பேசியது கிடையாது.]

4

என் அட்டவணைக்காக முதலில் சின்ன வண்டி; அதற்கும் அதே ஒரு லிட்டர்தான். சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கியது. முன்னால் அக்கா, பின்னால் பழைய வண்டியில் மாமா, அவருக்குப் பின்னால் பெட்ரோல் கேனை மடியில் வைத்துக்கொண்டு நான். கதை எழுதுகிறவனுக்குத் தகுந்த வேலைதான். பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது, யாராவது நடுவழியில் நின்றால் ஊற்றிவிடுவது.

சமதளத்தில் அந்த வண்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சத்தமில்லை, உதறலில்லை. மாமாவின் முதுகைப் பார்த்தே அவர் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. மேடு ஆரம்பித்ததும் மூன்றாவது கியர் தாங்கவில்லை, இரண்டாவதுக்கு வந்தாள். அக்காவும் பையும் ஏற்றமும் சேர்ந்து வண்டி மூச்சு வாங்கியது. எங்களைத் தாண்டிக்கொண்டு ஒரு லாரி போய் அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரனை அழுத்தியது. அவளால் வேகமெடுக்கவும் முடியவில்லை, ஒதுங்கவும் இடமில்லை. வளைவிலேயே லாரி ஏறி வந்தது. அக்கா ஓரத்துச் சரளையில் இறங்கி, இரண்டு காலையும் ஊன்றி, சாயாமல் நின்றாள். லாரி போய்விட்டது. திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவளும் போய்விட்டாள்.

(அன்று அவள் ஆஸ்பத்திரி கேட்டைத் தொட்டாள். டேங்கில் மிச்சமும் இருந்தது. மைலேஜ் பத்தியில் சின்ன வண்டிதான் ஜெயித்தது என்று எழுதியிருக்கிறேன், உண்மையும் அதுதான்.)

மாமா அந்த வளைவில் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். சரளையில் டயர் இழுத்துக்கொண்டு போயிருந்த தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு அந்தப்பக்கம் தடுப்புச் சுவர் இல்லை.

"மாப்ளே, எந்த வண்டியா இருந்தாலும் எனக்குப் பயமா இருக்குடா."

"அதை அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"மைலேஜ்னு சொன்னா சண்டை போடுவா. பயம்னு சொன்னா சிரிப்பா. சண்டையே தேவலை."

ஐந்தாம் பக்கம் என்று சொன்னேனே, அது இதுதான். "மாமா ஒரு கஞ்சர்" என்ற வரியை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன், ஏனென்றால் அவர் கஞ்சரும்தான். ஆனால் அந்த வரியை வைத்து இனி ஓட்ட முடியாது என்று புரிந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் போய், அவருக்காகக் கவலையாகிவிட்டது. ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இது ஆகாது.

5

ஞாயிற்றுக்கிழமை பெரிய வண்டி. அக்காவின் தோழி, ஒரு நர்ஸ், கொடுத்தது. மாமாவே டேங்கைக் காலி செய்து, லிட்டர் குவளையில் பெட்ரோலைக் கோட்டைத் தொடும்வரை அளந்து ஊற்றினார். ஒரு சொட்டு குறைக்கவில்லை; அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மேட்டில் அக்கா எங்கள் கண்ணிலிருந்தே மறைந்துபோனாள். மறைவதற்கு முன் ஒரு லாரியை நேர்ச்சாலையிலேயே தாண்டி, வளைவு வருவதற்குள் தன் பக்கத்துக்கு வந்துவிட்டதைக் கீழிருந்து பார்த்தோம்.* நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் அந்த நூறு சிசியில், நடந்து போகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கலாம் என்ற வேகத்தில் ஏறினோம்.

* என் அட்டவணையில், நின்ற இடத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் நொடிகள் என்று ஒரு பத்தி உண்டு. அதை இளவட்டங்களின் பெருமைக்கு என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பத்தியைப் பார்த்தால் சரளைத் தடம்தான் ஞாபகம் வருகிறது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவளைப் பிடித்தோம். வண்டி நின்றிருந்தது. லிட்டர் தீர்ந்திருந்தது. அக்கா நிற்கவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதான். இஞ்சின் நின்னுடுச்சு" என்றார் மாமா. ஜெயித்தவர் குரல் மாதிரி இல்லை.

"கேட்டைத் தொடணும்னுதானே சொன்னீங்க? இஞ்சின் ஓடணும்னு சொன்னீங்களா?"

"அது எப்படிம்மா…"

"உங்க எண்பதுல இறக்கமெல்லாம் சேர்த்தியா இல்லையா? இஞ்சினை அணைச்சுட்டுத்தானே உருண்டு வர்றீங்க?"

நான் சிரித்துத் தொலைத்தேன். சிரிப்போடு சிரிப்பாக இறங்கிப் போய்க் கேனை நீட்டினேன்.

"டேய், அதைத் தொறந்தே, கொன்னுடுவேன்."

தள்ளினாள். அந்த வண்டியின் கனம் அட்டவணையில் இருக்கிறது. அவள் அதில் பாதிகூட இல்லை. முன்சக்கரம் பின்னுக்கு நழுவும்போதெல்லாம் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, மூச்சு வாங்கி, "இன்னும் ஒண்ணு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி தோளைக் கொடுத்தாள். மாமா உதவிக்கு வரவில்லை. தன் வண்டியை அவளுக்குப் பின்னால் சாலையில் பாதி அடைத்தாற்போல் போட்டு, முதல் கியரில் நத்தையாய் ஊர்ந்துகொண்டு, வந்த லாரிகளையெல்லாம் கையைக் காட்டிச் சுற்றிப் போகவைத்தார். ஒரு ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். மாமா அசையவில்லை.

உச்சியில் அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

"சரி, இங்கேருந்து உருண்டு போ" என்றார் மாமா. "ஆனா கேட்டைத் தொடுற வரைக்கும் காலை ஊனக் கூடாது. ஊனினா முடிஞ்சுது. என் கணக்கும் அதுதான்."

"ஊனமாட்டேன்."

6

நான் மறுபடி மாமாவின் பின்னால் ஏறிக்கொண்டேன். அவர் பழக்கப்படி இஞ்சினை அணைத்தார். இரண்டு வண்டிகளும் சத்தமே இல்லாமல் இறங்கின. காற்றும் சங்கிலி ஓடும் மெல்லிய ஓசையும் மட்டும். அந்த இரண்டு பேரும் ஒன்றாக ஒரு வேலையைச் செய்து அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இறக்கம் முடிந்து சமதளம் வந்தது. தூரத்தில் ஆஸ்பத்திரியின் பச்சை கேட். வேகம் குறையத் தொடங்கியது.

முடிவுகள் இங்கிருந்து கிளைவிடுகின்றன. எழுதிப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

அ) அக்கா தானாகவே உருண்டு போய் கேட்டைத் தொடுகிறாள், வாசலில் இருந்தவர்கள் கைதட்ட… (ஞாயிற்றுக்கிழமை. வாசலில் காவலாளி மட்டும்தான். அவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.)

ஆ) கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றுவிடுகிறது. அக்கா காலை ஊன்றுகிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து… (முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன். அவள் ஊன்றமாட்டாள், என் கை ஊன்ற வைக்காது.)

இ) அக்கா திரும்பி, "கொஞ்சம் தள்ளுங்களேன்" என்கிறாள். (அடித்துவிட்டேன். உயிரே போனாலும் கேட்கமாட்டாள்.)

நடந்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். கேட்டுக்கு இன்னும் இரண்டு விளக்குக் கம்பம் தூரம் இருந்தது. அக்காவின் ஹேண்டில்பார் ஆட ஆரம்பித்தது. முழங்கால்களை டேங்கோடு இறுக்கிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, கேட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி நன்றாகத்தான் உருண்டுகொண்டிருந்தது. இன்னும் எவ்வளவோ தூரம் போயிருக்கும். அப்படி உருளும் வண்டியில் மாமா இஞ்சினைப் போட்டார். அவரோடு பழகிய இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அக்காவின் வலப்பக்கமாக, ஒரு கை தூரத்தில், வண்டியைக் கொண்டுபோய் ஒட்டினார். அவருடைய இடது கால் மிதிபடியை விட்டு எழுந்தது.

கியர் மாற்றி அவளைத் தாண்டிப் போய், கேட்டருகில் நின்று அவள் தோற்பதைப் பார்க்கவா? அல்லது வழியில் நின்றுபோன எவனோ ஒருவனுக்குச் செய்வோமே, அதுபோல அவள் வண்டியின் பின்படியில் காலை வைத்துத் தள்ளவா? தள்ளினால் அந்தத் தூரம் யாருடைய லிட்டரில் சேரும்?

பத்திரிகைக்காரர் கேட்ட அந்த ஒரு வரி இந்தக் காலுக்குக் கீழேதான் எங்கேயோ இருக்கிறது. எனக்கு ஊற்றிய பெட்ரோல் இதோடு சரி. கேனை உங்கள் மடியில் வைத்துவிட்டேன். மாமாவுக்குப் பின்னால் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். அவர் கால் இன்னும் காற்றில் நிற்கிறது. அக்கா இன்னும் ஊன்றவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள், வண்டி ரொம்ப ஆடுகிறது.