மறைக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல்

நீதிமன்றத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை பெயர்களை மறைப்பது. தீர்ப்பின் நகல் வெளியாட்கள் கைக்குப் போவதற்கு முன், மறைக்கச் சொன்ன பெயர்களின் மேல் கறுப்பு மார்க்கரால் கோடு இழுக்க வேண்டும். பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்தால் பின்பக்கமும் ஓர் இழுப்பு. பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். என் விரல்களைப் பார்ப்பவர்கள் கரிக்கடையில் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். ஊரில் யாருக்கு யார்மேல் வழக்கு என்பது எனக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தேன். இதுவரை விட்டதும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தையற்காரியின் வழக்கு வந்தது. கண்புரைக்காக ஓர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள் அவள். அதே நாளில் அதே மேசையில் செய்துகொண்ட நான்கு பேருக்கும் கண்ணில் சீழ் வைத்து, ஆளுக்கு ஒரு கண் போய்விட்டது. கருவிகளைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. மற்ற மூன்று பேரும் ஆஸ்பத்திரியோடு சமாதானமாகப் போய் வாயை மூடிக்கொண்டார்கள். இவள் மட்டும் வழக்குப் போட்டாள். மனுவில் இரண்டே கோரிக்கை. ஆஸ்பத்திரியின் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும். தன் பெயர் தெரியக் கூடாது. ஒற்றைக் கண்ணோடு தைக்கிறாள் என்று தெரிந்தால் நல்ல துணியை நம்பி யார் கொடுப்பார்கள்?

ஆஸ்பத்திரியும் பதிலுக்கு ஒரு மனுப் போட்டது. தன் பெயர் வெளியே வந்தால் மக்கள் பீதி அடைவார்கள், அது பொதுநலனுக்கு விரோதம் என்றது. பொதுமக்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் பொதுமக்களுக்கு நல்லது என்று அவர்களுடைய வக்கீல் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

எங்கள் நீதிபதி நடுநிலைக்குப் பேர்போனவர். நாற்காலியில்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரமாட்டார். தனிமனித அந்தரங்கம் ஒரு தட்டு, பொதுநலன் ஒரு தட்டு என்று இருபத்திரண்டு பக்கம் எழுதி, கடைசியில் இரண்டு பெயரையும் மறைக்கும்படி உத்தரவிட்டார். அங்கே பொதுநலன் எந்தத் தட்டில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இனி எங்கள் பிரிவின் கைவரிசை. பெயரை மறைக்கும் உத்தரவு எதுவானாலும் பதினான்கு நாள் வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்பது விதி. எந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று தெரிந்தால்தானே பத்திரிகைக்காரர்கள் சொல்லாமல் இருப்பார்கள்? ஆகவே ‘மறைக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல்’ என்று தலைப்புப் போட்டு, தையற்காரியின் பெயர், புருஷன் பெயர், வயது, கதவு எண், தெரு, தொழில் என்று ஒன்று விடாமல் அச்சடித்து ஒட்டினோம். அச்சடித்தது நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் வக்கீல் விவரமான ஆள். ஒட்டுவதற்கு முன்பே வந்து எழுதிக் கொடுத்து, தங்கள் வரியை வெறும் ‘எதிர்மனுதாரர்’ என்று மாற்றிக்கொண்டு போய்விட்டார். தையற்காரியின் வக்கீல் அன்று வேறு ஊரில் இருந்தார்.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து ஓடி வந்திருக்கிறாள். சத்தம் போடவில்லை.

“அக்கா, என் பேரை மறைக்கணும்னுதானே கோர்ட்டுக்கு வந்தேன். நீங்களே எடுத்து வெளிய ஒட்டியிருக்கீங்களே.”

எங்கள் கண்காணிப்பாளர் அவளை உட்காரவைத்து மரியாதையாகவே விளக்கினார். நடுவில் எடுக்க வேண்டுமென்றால் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். மனு வந்தால் மனுதாரர் பெயரோடு அதே பலகையில் ஒட்டுவோம். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதாவது புதிதாக ஒட்டினால் ஒரு போன் பண்ணுங்கள் என்று தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சைக்கிள் நிறுத்துமிடம் மாற்றப்பட்டதைச் சொல்லும் சுற்றறிக்கை ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்துப் போய்ப் பட்டியலின் மேலேயே குத்தினேன். கண்காணிப்பாளர் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இன்னொரு குண்டூசி கொண்டுவந்து கீழ் மூலையையும் குத்திவிட்டுப் போனார்.

அந்த வாரமே என் கணவர் தன் அம்மாவின் கண்புரைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார். அவர் சொன்னது நான் கோடு இழுத்த அதே ஆஸ்பத்திரியின் பெயர். அங்கே வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சும்மாதான் என்றேன். சும்மா என்று ஒரு காரணம் எந்தக் குடும்பத்தில் செல்லும்? பக்கத்து அறையிலிருந்து மாமியார் பதில் சொன்னார்.

“என் கண்ணு தெளிஞ்சா அவ சமையல்கட்டு அழுக்கெல்லாம் தெரிஞ்சிடும்டா. அதான் வேண்டாங்குறா.”

மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டு ஆட்களிடமாவது சொல்லலாமா என்று கண்காணிப்பாளரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். இரகசியம் என்றால் இரகசியம்தான், தான் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார் என்பதே தன் மனைவிக்குத் தெரியாது என்றார். நிமிர்ந்துதான் சொன்னார். நீதிபதிக்கு முன்னால் நடக்கும் டவாலிதான் பின்னால் வந்து குட்டை உடைத்தார். கண்காணிப்பாளர் மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் தேதி வாங்கியிருந்தார்களாம். தூரம் என்று சொல்லி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாராம். புது இடம் இரண்டு மடங்கு தூரம். நீதிபதியின் அக்காவுக்கும் மாற்றியாயிற்று என்று அவருடைய டிரைவர் சொன்னாராம். டவாலி தன் மைத்துனரைப் போன மாதமே திருப்பி அழைத்து வந்துவிட்டார். ஆக, என் மாமியாரைத் தவிர எங்கள் கட்டடத்தைச் சேர்ந்த ஒரு வீட்டுக் கண்ணும் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. பொதுநலனைப் பாதுகாத்தோமோ இல்லையோ, எங்கள் நலனை நன்றாகவே பாதுகாத்துக்கொண்டோம்.

குறித்த நாளில் அத்தையை நானே கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி பளபளவென்று இருந்தது. நீளமான பெஞ்சுகளில் நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல் மீறல். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இருமத் தொடங்கினார். அப்படி ஓர் இருமல். கவுன்டரில் இருந்த பெண் தானாகவே இன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்கள். பஸ் கண்டக்டர் சீருடையில், துணைக்கு யாரும் இல்லாமல் வந்திருந்த பெண். எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு மாசமா தேதியே கிடைக்கலம்மா. உங்க புண்ணியத்துல இன்னிக்கே முடிஞ்சிடும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு சொல் கிடையாது. கையெழுத்து, விதி, வேலை எல்லாம் நினைவில் இருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

“செஞ்சுக்காதீங்க. இங்க நாலு பேருக்குக் கண்ணு போயிருக்கு.”

அவள் கையை விட்டாள். நம்பவில்லை. தினமும் பேப்பர் படிக்கிறாளாம், அப்படி ஒன்றும் வரவில்லையாம். வராது. வரவிடாமல் கோடு இழுத்தது இந்தக் கைதான்.

“யாருக்குப் போச்சு? ஒரு ஆளைச் சொல்லுங்க, பாப்போம்.”

தையற்காரியின் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் இவள் கண் பிழைக்கும். அவள் பிழைப்பு போகும். இருபத்திரண்டு பக்கம் எழுதியவருக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நர்ஸ் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை இருமலை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் தள்ளிப் போய்த் தையற்காரிக்குப் போன் போட்டேன். எங்கே நிற்கிறேன், என்ன நடக்கிறது என்று சொல்லி, உன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

“ஏழு மாசமா இதை என்கிட்ட யாருமே கேக்கலக்கா,” என்றாள். கத்தரிக்கோலை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

“நீங்க சொல்லாதீங்க. போனை அவங்ககிட்ட குடுங்க. நானே சொல்றேன்.”

கொடுத்தேன். கண்டக்டர் பெண் நின்றபடி கேட்டாள். கேட்கக் கேட்க அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட்டபோது, வரவில்லை என்று கையால் சைகை காட்டினாள். அப்புறமும் போனை என்னிடம் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நீட்டினாள்.

“நீங்களும் கேளுங்கய்யா,” என்றாள். “கேட்டுட்டு அந்தப் பக்கம் குடுங்க.”