கொக்கியின் எடை

கணவன் ரொனால்ட் தேர்வுக்குத் தயாராகும் அழகை ஷெர்லீன் முதல் நாளே பார்த்துவிட்டாள். பயிற்சிக் குறிப்புகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டான். அவற்றின் மேல் புது ஹெல்மெட்டைக் கவிழ்த்தான். பிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிரேன் முன்னால் நின்று எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் ஏற்றி, கீழே 'கிரேன் ஆபரேட்டர்' என்று எழுதினான். அப்படி எழுதிக்கொள்ள ஒரு லைசென்ஸ் வேண்டும் என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

செங் என்ற ஊரில் கிரேன் வாடகைக்கு விடும் கம்பெனியில் அவன் உதவியாள். ஆபரேட்டர் தேநீர் குடிக்கப் போன சமயங்களில் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஏதோ இரண்டு குழாய்களைத் தூக்கி வைத்திருக்கிறான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வருஷக்கணக்காக அந்தக் குழாய்க் கதைதான். இப்போது முதலாளி, பரீட்சையில் தேறுகிறவனுக்குத்தான் புதுக் கிரேன் என்று சொல்லிவிட்டார். ரொனால்ட் கிரேன் கைக்கு வந்துவிட்டது போலவே நடந்துகொண்டான்.

குறிப்புகள் மலாயில் இருந்தன. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வரும் ஷெர்லீன், சாயங்காலம் அவற்றைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். அவன் சோபாவில் சாய்ந்தபடி பதில் சொல்வான்.

"ரேடியஸ எங்கேருந்து அளக்கணும்?"

"டயர்லேருந்து."

"கிரேன் சுத்துதே, அந்த நடுப்புள்ளியிலேருந்துன்னு போட்டிருக்குங்க."

"புக்குல ஆயிரம் போடுவான்லா. சைட்ல வந்து பாரு. எல்லாம் கண்ணு கணக்குத்தான்."

கண்ணு கணக்கு! போன மாதம் காரைப் பின்னால் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை நசுக்கியதும் இதே கண்தான். ஷெர்லீன் அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தன் வருவான். நியாலாஸ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அதே கம்பெனியில் வேலை, அதே பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தான். ரொனால்ட் அண்ணன் சொன்னால் தெய்வ வாக்கு என்று நினைக்கிறவன். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்காருவான். ரொனால்ட் இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவான்.

"அண்ணே, எவ்வளவு தூக்கலாம்னு போட்டிருக்கே, அந்தச் சார்ட்ல அஞ்சு டன்னுன்னு இருந்தா அஞ்சு டன் சாமான் தூக்கலாமா?"

"தாராளமா."

"கொக்கியோட எடைய கழிக்க வேணாமா?"

"கொக்கி கிரேனோடதுடா. அத எதுக்குக் கழிக்கணும்? உனக்குச் சம்பளம் போடறப்ப சட்டை எடைய கழிச்சிட்டா போடறான்?"

காந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். ஷெர்லீன் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"கொக்கி, கட்டித் தூக்குற கயிறு, எல்லாத்தையும் கழிக்கணும். மிச்சந்தான் சாமானோட எடை. சார்ட்டுக்குக் கீழேயே போட்டிருக்கு."

ரொனால்ட் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹோட்டல்ல பெட்ஷீட் மடிக்கிறவ நமக்கு கிரேன் சொல்லிக் குடுக்குறா, பாத்தியா?"

அதற்கும் காந்தன் சிரித்தான். அதை ஷெர்லீன் கவனித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். ரொனால்ட் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவனுக்குப் பந்து விளையாட்டுப் பார்க்க நேரம் கிடைத்தது.

அடுத்த வாரம், ரொனால்ட் கடைக்குப் போயிருந்த நேரத்தில் காந்தன் வந்து நின்றான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, நீங்க சொன்னதுதான் சரி. கீழே சின்ன எழுத்துல இருக்கு. எனக்கு அந்தச் சார்ட்டே மண்டையில ஏறல. கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா? அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

அவள் சொல்லிக்கொடுத்தாள். ரொனால்ட் கடையில் அரட்டை அடித்த மாலைகளில் எல்லாம் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். அது ஒன்றும் கம்பச் சூத்திரம் இல்லை. பொறுமையாக இரண்டு தடவை படித்தால் யாருக்கும் விளங்கும். காந்தன் மீது இரக்கப்பட்டும் அவள் இதைச் செய்யவில்லை. ரொனால்ட் தோற்று நிற்கும்போது அவன் பக்கத்தில் ஒருத்தன் ஜெயித்து நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவ்வளவுதான்.

ஆசை பலித்தது. காந்தன் தேறினான். ரொனால்ட் சார்ட்டிலும் கோட்டைவிட்டான், வாய்மொழித் தேர்விலும் கோட்டைவிட்டான்.

"அந்த ஆபீசர் மூஞ்சியே சரியில்ல. என் அனுபவத்தைப் பாத்து அவனுக்கு வயித்தெரிச்சல்லா" என்றான் ரொனால்ட். குறிப்புகளையே திறக்காதவன் சொன்ன எந்தப் பதிலைக் கேட்டு ஆபீசருக்கு வயிறு எரிந்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் காந்தன் தன் மனைவி திவ்யதர்ஷினியோடு வந்தான். கையில் பெரிய கேக் பெட்டி.

"அண்ணே, எல்லாம் உங்களாலதான்" என்றான்.

திவ்யதர்ஷினி கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்கள மறக்கவே மாட்டோம்ண்ணே."

தோற்றுப்போன ரொனால்டின் முகத்தில் எப்படித்தான் அத்தனை பெருந்தன்மை வந்ததோ! "நம்ம பையன்னு ஒரு அக்கறை. நான் அப்பவே சொன்னேன்ல, கண்ணு கணக்குன்னு?"

"ஆமாண்ணே."

ஷெர்லீன் தே கொண்டுவந்தாள். காந்தனுக்குக் குவளையை நீட்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். உடனே பார்வையைத் தரைக்கு இறக்கினான். ஒரு வாய் குடித்தான்.

"தே ரொம்ப நல்லா இருக்கு, அண்ணி."

ஒருத்தனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அவன் எதிரில் இன்னொருத்தனை உட்கார வைத்தால், இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு அற்பமாக ஆகிவிட முடியுமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. இதுவரை ஒருத்தனைத்தான் அவள் மட்டமாக நினைத்திருந்தாள்.

அவர்கள் போனதும் ரொனால்ட் சோபாவில் சாய்ந்தான்.

"பாத்தியா? நான் சொல்லிக் குடுத்தவன் பாஸாயிட்டான். சரி, அடுத்த பரீட்சைக்குப் பேரு குடுக்கணும். அந்த நோட்ஸ எடு, கேள்வி கேளு."

"காந்தனக் கூப்பிடுங்க. உங்ககிட்ட படிச்சத அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

அவள் கிண்டல் செய்கிறாள் என்றுகூட அவனுக்கு உறைக்கவில்லை. நல்ல யோசனை என்று நினைத்து உடனே கைப்பேசியை எடுத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எரிச்சலோடு மறுபடி போட்டான்.

ஷெர்லீன் கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை வெட்டித் தனக்கு எடுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்க அவளுக்குத் துளிகூடப் பாவமாக இல்லை. அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தாள். கேக் நன்றாக இருந்தது. சொல்லத் தேவையில்லை என்று முடிவு செய்தாள்.