காயக் கூடாத அறை

என் மனைவி காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிறாள். நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். காற்றில் ஈரம் இருந்தால் அவள் விளக்கு எரியும், என் துணி காயாது. துணி காய்ந்தால் அவள் விளக்கு எரியாது. காதலித்த நாட்களில் இதெல்லாம் யாருக்குத் தோன்றியது?

அவளுடைய கருவியைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கைக்குட்டையை நாலாக மடித்த அளவில் மெல்லிய படலங்கள், சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, ஓட்டை போட்ட ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பாள். படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாம். காற்றிலுள்ள ஈரம் அவற்றுக்குள் நுழையும்போது மின்சாரம் பிறக்கிறதாம். வெயில் வேண்டாம், புகை கிடையாது, சத்தம் கிடையாது. பெட்டியின் தலையில் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு. அந்த மிளகுக்காகத்தான் அவள் சாப்பாடு தூக்கம் எல்லாவற்றையும் மறந்தாள். அவ்வப்போது என்னையும்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் எந்நேரமும் ஏசி ஓடும். அந்த வறண்ட காற்றில் விளக்கு முழிக்கவே மறுத்தது. ஒருநாள் அவள் என் கடைக்குப் பின்னாலிருக்கும் உலர்த்தும் அறைக்குள் வந்தாள். கொடிகளில் ஈரத் துணி, சுவரில் வியர்வை, மூலையில் பூஞ்சை வாடை. மூச்சை ஆழமாக இழுத்து, "ஆஹா!" என்றாள். அந்த அறைக்குள் நுழைந்து ஆஹா சொன்ன முதல் மனிதப் பிறவி அவள்தான்.

மறுநாளே பெட்டி அங்கே குடியேறிவிட்டது. கூடவே சட்டதிட்டங்களும் வந்தன. ஜன்னலைத் திறக்கக் கூடாது. மின்விசிறி கூடாது. நான் ஆசை ஆசையாக வாங்க நினைத்திருந்த டிரையர் கூடவே கூடாது.

"அப்ப துணி எப்படிக் காயும்?" என்றேன்.

"மெதுவா காயும்."

"லாட்ஜ் மேனேஜர் மெதுவா காத்திருப்பாரா?"

"நீங்க பேசினா எல்லாரும் காத்திருப்பாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் எப்போதும் தோற்றுத்தான் போவேன். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

படுக்கை விரிப்புகளை என்னிடம் சலவைக்குப் போடும் அந்த லாட்ஜ் மேனேஜர் வாரா வாரம் என்னைப் பிடி பிடி என்று பிடித்தார். விரிப்பில் வாடை வருகிறது என்றார். கடைசியாக, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் மொறுமொறுவென்று வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சொல்லிவைத்தாற்போல் அதே வெள்ளிக்கிழமை, ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பவர்கள் விளக்கைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. விளக்கு எரிந்தால் ஆராய்ச்சி தொடரும். எரியாவிட்டால் அன்றோடு மூடுவிழா. அப்புறம் அவள் பழையபடி மற்றவர்களின் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கும் வேலைக்குத்தான் போக வேண்டும். வியாழக்கிழமை முழுக்க அவள் பெட்டிக்கு முன்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விருந்தாளிகளை அழைத்துவரக் கிளம்பினாள். வாசலில் திரும்பி, "எதையும் தொடாதீங்க, புண்ணியமா போகும்" என்றாள்.

நான் தொடாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் உலர்த்தும் அறைக்குள் போனதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. நாலு எழுத்துப் படித்த பெரிய மனிதர்கள் ஒரு சலவைக்காரனின் அறைக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டால் என் மானம் என்னாவது? அவள் மானமும் என்னாவது? வெளியே பார்த்தால் நல்ல வெயில், வறண்ட காற்று விசுவிசுவென்று வீசுகிறது. விளக்கும் இத்தனை நாளாக வயிறு முட்ட ஈரத்தைக் குடித்திருக்கிறது, ஒரு வேளை பட்டினி கிடந்தால் செத்தா போய்விடும் என்று நினைத்தேன். இதில் சேமிப்பு எதுவும் கிடையாது, ஈரம் வரும்வரைதான் மின்சாரம் வரும் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேனே தவிர, காது வேறு எங்கோ இருக்கும்.

எல்லா ஜன்னலையும் திறந்தேன். பரணிலிருந்து மின்விசிறிகளை இறக்கிச் சுழலவிட்டேன். சுவரைத் துடைத்தேன். மதியத்துக்குள் லாட்ஜ் விரிப்புகள் மொறுமொறுவென்று ஆகிவிட்டன. மடித்து அடுக்கி, எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். விளக்கு எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர். வந்ததும் வராததுமாகப் பெட்டி வைத்திருந்த மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவருக்கு அந்த நிமிடமே 'சந்தேகம்' என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். இன்னொருவர் ஒரு அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தார்.

என் மனைவி பெட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன, பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்றார் சந்தேகம்.

"இதுல பேட்டரி இல்ல சார்."

"இல்லாமயா இத்தனை நாள் எரிஞ்சுது? எத்தனை பேர் என் காதுல பூ சுத்தியிருக்காங்க தெரியுமா?"

அவள் சுற்றிப் பார்த்தாள். திறந்த ஜன்னல்கள், சுழலும் மின்விசிறிகள், காலியான கொடிகள். கடைசியில் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. "காய வெச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வாழ்க்கையிலேயே நான் மிக ஒழுங்காகத் துணி உலர்த்திய நாள் அதுதான். அதைப் போய் இன்றைக்கா செய்ய வேண்டும்!

"சரி, நாங்க கிளம்பறோம்" என்று சந்தேகம் எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது. அவரும் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல்களை அறைந்து சாத்தினேன். மின்விசிறிகளை நிறுத்தினேன். அடுக்கி வைத்திருந்த லாட்ஜ் விரிப்புகளை அப்படியே வாரிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளினேன்.

"என்னங்க பண்றீங்க? அது இன்னைக்குக் குடுக்க வேண்டிய துணி!" என்று அவள் பதறினாள்.

"தெரியும். நீ அந்தப் பக்கம் பிடி."

பிழியாமலே கொடிகளில் போட்டோம். தரையெல்லாம் சொட்டியது. துணி வேகவைக்கும் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க வைத்து நடுவில் கொண்டுவந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அறை தன் பழைய லட்சணத்துக்கு வந்துவிட்டது. சந்தேகத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைப்பார், மறுபடி மூடிக்கொள்ளும். அந்த அம்மா கைப்பையால் விசிறிக்கொண்டே, "இவ்வளவு புழுக்கத்துல எப்படிங்க வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"இவங்க ஆராய்ச்சிக்காகத்தான்" என்றேன். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். முறைப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. விளக்கு எரியவில்லை. நான் மேலும் ஒரு பாத்திரம் வெந்நீர் கொண்டுவந்தேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்தது வியர்வையா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

அப்போது அந்த அம்மா, "அதோ" என்றார்.

மிளகின் நுனியில் ஒரு சின்னச் சிவப்பு. சந்தேகம் தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் தூக்கினார், திருப்பினார், மேசையைத் தடவினார், மேசைக்கால்களையும் விடவில்லை. வயர் எதுவும் இல்லை. அதற்குள் சிவப்பு தெளிவாக நின்று எரிய ஆரம்பித்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பேட்டரியா இருந்தா இவர் துணியைக் காய வெச்சதுக்கு அது ஏம்மா அணையணும்? நனைச்சதுக்கு ஏன் எரியணும்?" என்று அவரே சொன்னார். "அது சும்மா எரிஞ்சிட்டு இருந்திருந்தா நான் நம்பியே இருக்க மாட்டேன்." வியர்வையில் குளித்த அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது.

ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வாசலில் கார் ஏறும்போதும் சந்தேகம் சட்டையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்.

நான் அறைக்குத் திரும்பி, சொட்டச் சொட்டத் தொங்கும் லாட்ஜ் விரிப்புகளைப் பார்த்தேன். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேனேஜருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்தபடி தொலைபேசியை எடுத்தேன்.

அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். போய் முதல் ஜன்னலைத் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

"ஏய், என்ன பண்றே? அணைஞ்சிடும்டீ!"

"அணையட்டும். சாயங்காலத்துக்குள்ள எத்தனை காயுதோ அத்தனை காயட்டும். மிச்சத்துக்கு நானே வந்து மேனேஜர்கிட்ட பேசறேன்."

மின்விசிறிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நாங்கள் எதிரெதிராக நின்று முறுக்கிப் பிழிந்தோம். அவள் முதுகுக்குப் பின்னால் விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. நான் பார்த்தேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. "நல்லா முறுக்குங்க, கையில தெம்பு இல்லையா?" என்றாள்.