பதினாலு பேர் செத்த கதை

சூளகிரிப் பக்கத்து அரசுப் பள்ளியில் வெள்ளைச்சாமி உடற்கல்வி ஆசிரியர். தமிழாசிரியை பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியை சாந்தம்மா அவரைக் கூப்பிட்டு, "கதைப் போட்டிக்குப் பிள்ளைங்கள நீங்கதான் தயார் பண்ணணும் சார்" என்றார். வெள்ளைச்சாமிக்கு வியர்த்துவிட்டது. கடைசியாக அவர் நீளமாக எழுதியது ஒரு விடுப்புக் கடிதம். அதிலும் இரண்டு இடத்தில் சாந்தம்மா சிவப்பு மையால் சுழித்திருந்தார்.

ஒன்பதாம் வகுப்புக்குள் போய், தனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினார்.

"கதைன்னா கபடி மாதிரி. ஒருத்தன் கோட்டத் தாண்டிப் போறான். அவனுக்கு என்னமோ வேணும். எதிர்ல நின்னு மறிக்குறாங்க. தொட்டுட்டு வர்றானா, மாட்டிக்கிறானா? இத மொதல்ல யோசிச்சுக்கினு அப்புறம் எழுதுங்க."

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியம். பரவாயில்லையே!

மறுநாள் ஜெயப்ரியா முதல் ஆளாக நோட்டை நீட்டினாள். போச்சம்பள்ளிக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை ஓர் எருமை மறிக்கிறது. நன்றாகத்தான் ஆரம்பித்தது. முதல் பக்கம் முடிவதற்குள் ஆறு பேர் செத்துப் போனார்கள். ஒருவர் இடி விழுந்து, ஒருவர் விக்கலில். இரண்டாம் பக்கம் முடியும்போது சாவு பதினாலு.

"ஏம்மா, எருமை சும்மாதான நிக்குது? இவங்கள்லாம் ஏன் சாவுறாங்க?"

"பஸ்ல இருந்த எல்லாருக்கும் பேர் வச்சிட்டேன் சார். அப்புறம் யாரு எவருன்னு ஞாபகம் வரல. ஒவ்வொருத்தரா போட்டுட்டேன்."

வெள்ளைச்சாமி தலையைச் சொறிந்தார். "ஏழு பேர் ஆடுற எடத்துல நீ பதினஞ்சு பேர எறக்கிட்ட. வேண்டாதவங்கள வெளிய உக்கார வை."

அரைமணி நேரம் பேரம் நடந்தது. விக்கல்காரர் மேல் அவளுக்குப் பாசம். கண் கலங்கிக்கொண்டேதான் அவர் பெயரை அடித்தாள். கடைசியில் மிஞ்சியது டிரைவர் கங்கப்பனும் எருமையும். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது, கங்கப்பன் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எருமையிடம் கெஞ்சுகிறார்.

வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசித்தாள்.

"போம்மா... ஹோகம்மா... வெள்ளம்மா..."

வரிசையிலிருந்து கௌதம் கை தூக்கினான். "தப்பு சார்! எங்க ஊட்ல தெலுங்குதான். 'வெள்ளம்மா'ன்னா விருந்தாளிய அனுப்புற மாதிரி. எருமைய 'போவே'ன்னுதான் வெரட்டுவோம்."

"கங்கப்பன் மரியாத தெரிஞ்சவரு!" என்று ஜெயப்ரியா மைக்கிலேயே கத்தினாள்.

"ஷிப்ட்டுக்கு லேட்டாவுது, இன்னும் என்னா மரியாத?" என்றான் கௌதம்.

பள்ளிக்கூடமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வெள்ளைச்சாமி சாந்தம்மாவைப் பயத்தோடு பார்த்தார். அவரோ, "எருமைக்கு 'ஹோகம்மா'வே அதிகம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

ஜெயப்ரியா கொஞ்சம் யோசித்தாள். நின்ற இடத்திலேயே பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்து, மாற்றி எழுதி வாசித்தாள். கங்கப்பன் இரண்டு தடவை மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை பொறுமை போய் "போவே!" என்று அலறினார், எருமை வழிவிட்டது.

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. வெள்ளைச்சாமிக்குத் தன் அணி கோப்பை வாங்கியதுபோல் நெஞ்சு விம்மியது. முதல் பாடவேளை முழுக்கப் போனதில் வருத்தப்பட்டவர் கணக்கு ஆசிரியர் ராஜ்குமார் ஒருவர்தான்.