நிற்கிற துளைகள்

"அக்கா, இந்த ஓட்டையெல்லாம் நிக்குதா, படுத்திருக்கா?"

ஞாயிறு பள்ளியின் கிறிஸ்துமஸ் விருந்தில், கடித்த மக்ரூன் இனிப்பின் உள்ளே தெரிந்த துளைகளைக் காட்டிச் சிறுமி ஷீஜா கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கிற ஜெபசுதாவும் சிரித்துவிட்டு, "உன் வயித்துக்குள்ள போனா எல்லாம் படுத்துரும், தின்னு" என்றாள்.

பிள்ளைகள் கேட்பதைக் கர்த்தர் வீணாகப் போகவிடுவதில்லை. கோடையில் அந்தக் கேள்வி அவளைத் தேடிவந்தது.

துளையுள்ள சிமென்ட் கல் எவ்வளவு எடை தாங்கும் என்று கணினியில் மாதிரி செய்து சொல்வது ஜெபசுதாவின் ஆராய்ச்சி. அதை நம்பித்தான் மீன்குஞ்சுகள் ஒதுங்குவதற்காகக் கீழவைப்பார் கடலில் கற்களை இறக்க ஏற்பாடாகியிருந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்து எந்திரத்தில் வைத்து அழுத்தினால், மாதிரி சொன்னதில் பாதியைத் தாண்டியதுமே கற்கள் உடைந்தன.

"கணக்கும் கல்லும் ஒத்துவரலைன்னா நான் எப்படிம்மா கையெழுத்துப் போட?" என்றார் பேராசிரியர் ஞானதீபம். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லைன்னா இந்த வருஷம் கல் இறக்க வேண்டாம்னு சொல்லிருதேன்."

உடைந்த துண்டு ஒன்றை அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள் ஜெபசுதா. மாதிரியில் துளைகளைக் கோலிக்குண்டுபோல உருண்டையாக வைத்திருந்தாள். கல்லுக்குள்ளே அவை பனங்கொட்டைபோல நீண்டிருந்தன. கலவை அச்சுக்குள் பொங்கி எழும்போது குமிழிகளும் மேல்நோக்கி இழுபட்டிருக்கின்றன.

ஷீஜா! துளைகள் நின்றுகொண்டல்லவா இருக்கின்றன!

ஆய்வுக்கூடத்தில் யாரும் யோசிக்காமல் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. வார்த்த கல்லின் மேல்முகம் கரடாக இருக்கும் என்பதால், கல்லைப் பக்கவாட்டில் சரித்து வைத்துத்தான் அழுத்துவார்கள். நிற்கிற துளைகளைப் படுக்கவைத்து நசுக்கியிருக்கிறார்கள். கடலுக்குள்ளோ கல் வார்த்தபடியே நிற்கும்.

மாதிரியில் துளைகளை நீட்டினாள். படுக்கவைத்த கணக்கு, உடைந்த கற்களோடு அப்படியே ஒத்துப்போனது. நிற்கவைத்தால் முன்பு சொன்னதைவிடக் கூடுதலாகவே தாங்கும் என்றது மாதிரி. அழுத்திப் பார்க்கத்தான் ஒரு கல்கூட மிச்சமில்லை.

அதே கலவையில் வார்த்த கற்கள் உடன் படிக்கும் ஜெயகணேஷிடம் இருந்தன. உப்புத்தண்ணீர் ஆராய்ச்சிக்காகத் தொட்டியில் ஊறப்போட்டிருந்தான்.

"ஏலே, ரெண்டு கல் தருவியா?"

"ஏளா, பிள்ளையக் கேட்டாக்கூடத் தந்திருவேன். கல்லையா கேக்க?" என்றபடியே தொட்டிக்குள் கையை விட்டான். "எடுத்துக்கோ. நான் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிட்டு வந்து புதுசா வார்த்துக்கிடுதேன்."

"உனக்கு நாள் தள்ளிப்போகுமேடா."

"போனாப் போகுது. மீனுக்கு வீடு வேண்டாமா?"

கரடான மேல்முகத்தை இருவரும் மாறிமாறித் தேய்த்து மட்டமாக்கினார்கள். கல்லை நிற்கவைத்து எந்திரத்தை ஓட்டினார்கள். எண்கள் ஏறின. பழைய கற்கள் உடைந்த இடத்தைத் தாண்டின. மாதிரி புதிதாகச் சொன்ன எண்ணைத் தொட்ட பிறகுதான் டமார் என்றது.

"உடைஞ்சுட்டு!" என்று குதித்தாள் ஜெபசுதா.

"கல்லு உடைஞ்சதுக்குக் கைதட்டுத ஆளை இப்பதான் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஜெயகணேஷும் தட்டினான். இரண்டாவது கல்லும் அதே எண்ணில் உடைந்தது. சத்தம் கேட்டு வந்த ஞானதீபம் கணக்கைப் பார்த்துவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு பெட்டி மக்ரூனோடு ஷீஜா வீட்டுக்குப் போனாள். "நிக்குதுளா, எல்லாம் நிக்குது!" என்றாள். கேள்வியையே மறந்துபோயிருந்த ஷீஜா, பெட்டியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, ஜெயகணேஷ் ஊருக்குப் போயிருந்தான். யாரும் வருவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தைத் திறந்த ஜெபசுதா, அவனுடைய அச்சுகளைத் துடைத்து எண்ணெய் பூசினாள். அவன் சேர்க்கும் அளவிலேயே கலவை பிசைந்து ஊற்றினாள். அது பொங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டே சின்னதாக ஒரு ஜெபம் சொன்னாள். கொடை முடிந்து அவன் வரும்போது கற்கள் இறுகியிருக்கும்.

ஈரச் சாக்கால் மூடினாள். பக்கத்தில் தரையில் அவன் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.