செத்தவன் போட்ட சாட்சிக் கையெழுத்து

வால்ஃப்ரிட் நியெமி ஏரியில் மூழ்கிச் செத்த பிறகும் போன் கேமராவில் மட்டும் தெரிந்துகொண்டிருந்தான். அவன் வீட்டில் யார் படம் எடுத்தாலும், சமையலறை நாற்காலியில் சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். எங்கள் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் விலைதான் பெரிய பேச்சு. அவன் மனைவி ஐலிக்கும் பழகிவிட்டது. அவள் கவலையெல்லாம் ஆறு வயது மகன் ஈரோவைப் பற்றித்தான். அவளுக்கு இதய ஆபரேஷன் நடக்கவிருந்தது. அதில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொழுந்தன் ஆர்விட் பையனைக் கேட்டு வந்து நிற்பான். ஆர்விட் நல்லவன்தான், குடிக்காதபோது. குடித்தால் கை நீட்டுவான், பாவி. தன் தங்கை செல்மாவிடம் பையன் வளர வேண்டுமென்று ஐலி பத்திரம் எழுதி வைத்திருந்தாள். கையெழுத்தும் நோட்டரி முத்திரையும்தான் பாக்கி.

நோட்டரி பெர்னிஸ் முத்திரையைக் காரில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பனிப்புயல் சாலையை மூடிவிட்டது; கரண்டும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் போனிலேயே முகம் பார்த்து, பத்திரத்திலும் திரையிலேயே கையெழுத்திட்டு முடிக்க உட்கார்ந்தார்கள். ஐலியின் போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. யாரும் மிரட்டிக் கையெழுத்து வாங்கவில்லை என்று தெரிந்துகொள்ள, அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள் பெர்னிஸ். ஐலி காட்டினாள். நாற்காலியில் அவன்.

"ஏம்மா, ரூம்ல வேற ஆள் இருக்கக் கூடாது. அவரை வெளிய போகச் சொல்லு."

"செத்தவரை எங்கக்கா போகச் சொல்றது?"

"செத்தாலும் ஆள் ஆள்தானே! என் லைசன்ஸ் போயிடும்."

"உயிரோட இருக்கும்போதே சொன்ன பேச்சு கேக்காத மனுஷன்க்கா!"

வால்ஃப்ரிட் அசையவில்லை. போன் அணையப்போவதாக எச்சரித்தது. அப்போதுதான் பெர்னிஸ் கடைசிப் பக்கத்தைக் கவனித்தாள். அதே அறையில் இருக்கும் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தப் பனியில் சாட்சிக்கு எங்கே போவது?

"சாட்சின்னா ரூம்ல இருக்கலாம்," என்றாள் மெதுவாக. "எனக்கு நேர்ல தெரிஞ்சவர்தான். அடையாள அட்டையும் வேணாம்."

வால்ஃப்ரிட் வலது கையைத் தூக்கிச் சம்மதம் தெரிவித்தான். ஐலி கையெழுத்திட்டாள். அவன் விரலை நீட்டினான். திரையில் அவன் பெயர் எழுத்தெழுத்தாக விழுந்தது. பெர்னிஸ் முத்திரை வைத்ததும் போன் அணைந்தது.

ஐலி ஆபரேஷனில் பிழைக்கவில்லை. ஆர்விட் கோர்ட்டுக்குப் போனான். செத்தவன் எப்படிச் சாட்சி சொல்வான் என்று அவன் வக்கீல் கத்தினார். கையெழுத்தின்போது பெர்னிஸ் பதிவு செய்திருந்த வீடியோவை நீதிபதி ஓடவிட்டு ஆர்விட்டிடம் கேட்டார்: "இது யாருன்னு தெரியுதா?"

தெரியாது என்று சொன்னால் போதும், பத்திரம் செல்லாது, பையன் அவனுக்குத்தான். ஆர்விட் தொப்பியைக் கழற்றினான். அண்ணனின் உடல் ஏரியில் கிடைக்கவேயில்லை. அண்ணன் மூழ்கிய நாளிலிருந்து ஆர்விட் அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை.

"இன்னொரு தடவை போடுங்கய்யா."

போட்டார்கள். அவன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"எங்க அண்ணன்தான்யா," என்றான். "ரொம்ப இளைச்சுட்டான்."

பையனைச் செல்மாவிடம் ஒப்படைத்தார் நீதிபதி. சாட்சியைச் சகோதரர் அடையாளம் காட்டினார் என்று எழுதிக்கொண்டு, குமாஸ்தா அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.