மாடிப்படி ஏறிய சாக்கடை

மருத்துவமனைக்குப் பின்னால் ஓடும் சாக்கடை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் படியேறி மூன்றாம் மாடிக்கு வந்து, கிருமி ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்றது. லிஃப்ட் பழுதாகியிருந்ததால் அதற்கு வேறு வழியில்லை. அங்கே எது சிந்தினாலும் உடனே பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும் என்பது விதி. எல்லோரும் கிருமியக்கா என்று கூப்பிடும் ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றினாள். சாக்கடை இறங்கிப் போனது. மறுநாளும் வந்தது, மறுநாளும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

அதோடு மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. கீழே வார்டில் அவளுடைய தம்பி, தையல்காரன், வலது காலில் சீழ் பிடித்துக் கிடந்தான். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. அதைத் தட்டுகளில் வளர்த்து, அதைத் தின்னும் வைரஸ் எங்காவது கிடைக்காதா என்று ஆறு, குளம், கிணறு என ஊரெல்லாம் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றிப் பார்த்துவிட்டாள். கிருமி கொழுத்ததுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை அந்தக் காலை எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார்.

"உயிர் முக்கியம்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. மெஷினை யாரு மிதிப்பா?" என்றான் தம்பி. அவள் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை சாக்கடை வந்தபோது வாளியைத் தூக்கியவளுக்குச் சட்டென்று உறைத்தது. கிருமி மண்டிக் கிடக்கும் இடத்தில்தானே அதைத் தின்பதும் இருக்கும்? வார்டுக் கழிவெல்லாம் சேருவது இதில்தானே? தேடிப் போனதெல்லாம் வீண்; தேடி வந்ததைத் தன் கையாலேயே கொன்று அனுப்பியிருக்கிறாள். வாளியை வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள். சாக்கடை முறைத்துக்கொள்ளாமல் உள்ளே வந்து, சோதனைக் குழாயில் தானே ஏறி நிறைந்தது.

மறுநாள் காலை, அதை ஊற்றிய தட்டில் கிருமிப் படலம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் ஓடினாள்.

"சாக்கடைத் தண்ணியவா ஏத்தப் போறீங்க?"

"வடிகட்டி, சுத்தம் பண்ணி, அந்த வைரஸை மட்டும் சார்."

அவர் தட்டை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். கத்தியை உள்ளே வைக்கச் சொன்னார். அடுத்த வாரம் காய்ச்சல் விட்டது, பிறகு சீழ் வற்றியது, மழைக்காலம் முடிவதற்குள் தையல் மெஷின் ஓடியது. அதன்பின் எத்தனையோ பேர் கைகாலோடு வீடு திரும்பினார்கள். ஒரு சாக்கடையால் முடியாதபோது பக்கத்துத் தெருச் சாக்கடை வந்தது.

லிஃப்டை இப்போது சரிசெய்துவிட்டார்கள். சாக்கடை அதில்தான் வருகிறது. ஆய்வுக்கூடத்துக்குத் தைத்த வெள்ளைக் கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் நாட்களில், தம்பி அதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது ஏறியதும், இவன் இரண்டு காலாலும் படியேறிப் போகிறான்.